அறுபது வயசு ஆனா வீட்டுத் தீர்வை கிடையாதாமே?



ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வாங்கி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு முடித்து, எல்லோரும் எழுந்திருக்கிற நேரம். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அறுபது வயசு ஆயிட்டா வீட்டுத் தீர்வை கெட்ட வேண்டாம்னு சொல்றாகளே, நெசந்தானா?"

பக்கத்தில் இருந்த ரெண்டு மூணு பேர், "ஆமா மேடம், நாங்களும் கேள்விப்பட்டோம்" என்றார்கள். "நீங்களே ஒருதரம் கூட்டத்துல சொன்ன மாதிரி இருக்கே" என்றார் ஊக்குநர். அப்போதுதான் எங்களுக்குச் சுருக்கென்றது. சில வருடங்களுக்கு முன்னால் முதியோர் உரிமைகள் பற்றிப் பேசும்போது, டில்லியில் மூத்த குடிமக்களுக்குச் சொத்து வரியில் சலுகை உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தோம். டில்லி என்பது காற்றோடு போய்விட்டது. சலுகை என்பது "கிடையாது" என்று மாறிவிட்டது. சொன்னது நாங்கள், திருத்தாமல் விட்டதும் நாங்கள். அதனால்தான் இந்த மாத இதழில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் பதில். தமிழ்நாட்டில் வயதை மட்டும் வைத்து வீட்டு வரியைத் தள்ளுபடி செய்யும் சட்டம் எதுவும் இல்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகளிலும் சரி, சேத்தூர், செட்டியார்பட்டி, மம்சாபுரம், சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு போன்ற பேரூராட்சிகளிலும் சரி, மல்லி, முகவூர், சமுசிகாபுரம் மாதிரி கிராம ஊராட்சிகளிலும் சரி, எழுபது வயசுப் பாட்டிக்கும் முப்பது வயசு மகனுக்கும் வரிக் கணக்கு ஒன்றுதான். "கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள். அப்படி நம்பிய ஒரு அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று பிறகு சொல்கிறோம்.

வரி எப்படிப் போடுகிறார்கள்?

ஊராட்சியில் வீட்டு வரி என்கிறோம், நகராட்சியிலும் பேரூராட்சியிலும் சொத்து வரி என்கிறார்கள். நம்ம ஊர்ப் பேச்சில் ரெண்டுமே தீர்வைதான். நகராட்சியில் வருடத்தை ரெண்டு அரையாண்டாகப் பிரித்து வாங்குகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. இந்த வீடு வாடகைக்கு விட்டால் எவ்வளவு போகும் என்று ஒரு மதிப்பு வைத்து, அதிலிருந்து வரியைக் கணக்குப் போடுவார்கள். வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, கூரையா ஓடா தட்டா, எத்தனை சதுர அடி, கட்டி எத்தனை வருஷம் ஆச்சு, நீங்களே குடியிருக்கிறீர்களா, கடை ஏதும் இருக்கிறதா, இதெல்லாம் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் வருமானம் என்ன என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். இதுதான் வயதானவர்களுக்குச் சிக்கல். பஞ்சு மில்லில் வேலை பார்த்த காலத்தில் கட்டிய வீடு அப்படியே நிற்கும், மதிப்பும் ஏறும். சம்பளம் மட்டும் நின்றுபோயிருக்கும்.

நம்ம பகுதி நகராட்சிகளில் 2008-க்குப் பிறகு பல வருஷம் வரியை உயர்த்தவில்லை. 2018-ல் உயர்த்தினார்கள், 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். பிறகு 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க நகர்ப்புறங்களில் உயர்த்தினார்கள். சென்னை நகரின் பழைய பகுதிக்கு ஒரு கணக்கு, நம்மைப் போன்ற ஊர்களுக்கு ஒரு கணக்கு. நம்ம கணக்கு இது: குடியிருக்கும் வீடு 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீத உயர்வு. 601 முதல் 1200 வரை 50 சதவீதம். 1201 முதல் 1800 வரை 75 சதவீதம். அதற்கு மேல் 100 சதவீதம். கடைகளுக்கும் 100 சதவீதம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சிறிய வீட்டுக்கு உயர்வு குறைவு. வயதுக்குச் சலுகை இல்லை என்றாலும், அளவுக்கு ஒரு சலுகை உள்ளே இருக்கிறது. தனியாக இருக்கும் வயதான பெண்கள் பெரும்பாலும் சின்ன வீட்டில்தான் இருக்கிறார்கள். 20 அடிக்கு 30 அடி வீடு என்றால் 600 சதுர அடி. அரையாண்டுக்கு 240 ரூபாய் கட்டிக்கொண்டிருந்த அந்த வீட்டுக்கு 25 சதவீதம் கூடினால் 300 ரூபாய். அதே வீட்டை 620 சதுர அடி என்று ஏட்டில் எழுதியிருந்தால் 50 சதவீதம் கூடி 360 ரூபாய் ஆகிவிடும். இருபது சதுர அடி என்பது ஒரு கட்டில் போடுகிற இடம்தான். அதனால் உங்கள் வீட்டு அளவு ஏட்டில் என்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். கொல்லையில் இருந்த மாட்டுக் கொட்டகை இடிந்து பத்து வருஷம் ஆகியிருக்கும், ஏட்டில் இன்னும் நிற்கும். முன்னால் பெட்டிக்கடை வைத்து மூடியிருப்பீர்கள், ஏட்டில் இன்னும் கடை என்றே இருக்கும். கடைக்கான வரி வேறு, குடியிருப்புக்கான வரி வேறு. கடையை மூடிவிட்டால் எழுதிக் கொடுத்து மாற்றச் சொல்ல வேண்டும். தானாக மாறாது.

சென்னையைத் தவிர்த்த ஊர்களுக்கு இந்த அளவுக் கணக்கு நகராட்சி, பேரூராட்சி, மாநகராட்சிகளுக்குத்தான். கிராம ஊராட்சியில் வரி வேறு விதம், தொகையும் குறைவு. அங்கே பெரும்பாலும் பிரச்சனை தொகை இல்லை. ரசீது யார் பேரில் இருக்கிறது என்பதுதான்.

கிடைப்பது என்ன?

ஏப்ரல் மாதத்தில், அதாவது அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் நகராட்சியில் 5 சதவீதம் ஊக்கத்தொகையாகக் கழித்துக் கொள்வார்கள். அக்டோபரிலும் அப்படியே. அதிகபட்சம் 5000 ரூபாய் வரை கழிப்பார்கள், அது நமக்கு எட்டாத கணக்கு. 300 ரூபாய் வரிக்கு 15 ரூபாய். "பதினஞ்சு ரூபாய்க்காகவா மேடம்?" என்று கேட்பீர்கள். ஒரு டீக்காசுதான். ஆனால் கட்டாமல் விட்டால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஏறும். குழுவில் நாம் வாங்குகிற உள்கடன் வட்டி உங்களுக்கே தெரியும், ஒரு வட்டி என்பது நமக்குப் பெரிதாகத் தோன்றாது. பாக்கி சேரும்போது வரும் தொந்தரவுதான் பெரிது. குடிநீர் இணைப்பில் கை வைப்பார்கள். பெயர் மாற்ற விடமாட்டார்கள். மின் இணைப்புப் பெயர் மாற்றம், வங்கிக் கடன் என்று எதற்குப் போனாலும் நடப்பு ரசீது எங்கே என்பார்கள்.

போரில் கணவனை இழந்த பெண்களுக்கு வீட்டு வரியைத் திருப்பித் தரும் சலுகை உண்டு. நம்ம பகுதியில் பட்டாளத்துக்குப் போன குடும்பங்கள் இருக்கின்றன. அப்படி யாராவது உங்கள் குழுவில் இருந்தால், விருதுநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒருதரம் விசாரியுங்கள். கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

வரி தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றினால், நகராட்சி என்றால் ஆணையாளருக்கும், பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கும் மனு எழுதலாம். வந்து அளந்து பாருங்கள் என்று கேட்கலாம். அதிலும் திருப்தி இல்லை என்றால் நகராட்சியில் வரி மேல்முறையீட்டுக் குழு என்று கவுன்சிலர்கள் அடங்கிய குழு ஒன்று உண்டு. நோட்டீசில் கடைசி நாள் போட்டிருக்கும், அதற்குள் போய்விட வேண்டும். மனுவின் நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். மனு போட்டாச்சு என்று சொல்லி வரியைக் கட்டாமல் இருப்பதும் கூடாது. கட்டிவிட்டு வாதாடுங்கள். கூடுதலாகக் கட்டியது என்று முடிவானால் அடுத்த வரியில் கழித்துக் கொள்ளச் சொல்லலாம்.

அந்த அம்மாவின் கதை

பெயரும் ஊரும் வேண்டாம். வயது அறுபத்தெட்டு. கணவர் இறந்து ஒன்பது வருஷம். நகரத்துக்குள்ளே ஓட்டு வீடு, 400 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். முதியோர் உதவித்தொகை வாங்குகிறார். அது 1000 ரூபாயாக இருந்தது, 2023 ஆகஸ்டில் 1200 ஆனது. அதுபோக மருத்துவத் துணி மடிக்கிற வேலை, கை நடுக்கம் வந்த பிறகு அதுவும் குறைவு. அறுபதுக்கு மேல் வரி இல்லை என்று கேள்விப்பட்டதும் நிம்மதியாகி, கட்டுவதையே நிறுத்திவிட்டார். மூன்று வருஷம் ஓடிவிட்டது.

நோட்டீஸ் வந்தது, இறந்துபோன கணவர் பேரில். எழுதப் படிக்கத் தெரியாததால் மகனிடம் காட்டினார். மகன், "இதெல்லாம் உனக்கு எதுக்கும்மா, வீட்டை என் பேருக்கு எழுதிக் குடு, தீர்வை தண்ணி வரி எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார். மகன் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருக்கும் கடன் இருக்கிறது, வீட்டை வைத்து வங்கியில் வாங்கலாம் என்று நினைத்திருக்கிறார். அம்மாவும் சரி என்று பத்திர எழுத்தரிடம் போகத் தயாராகிவிட்டார். வாரக் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்கப்போன குழுத் தலைவிக்குத்தான் விஷயம் தெரிந்தது. அவர் எங்களுக்குப் போன் செய்தார்.

நாங்கள் போய் அந்த நோட்டீசை வாசித்தோம். பாக்கி எல்லாம் சேர்ந்து 2000 சொச்சம். அந்த அம்மா ஒரு லட்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் தொகையை வாசித்துக் காட்டவே இல்லை. "ரெண்டாயிரமா? ரெண்டாயிரந்தானா?" என்று நாலு தரம் கேட்டார்.

குழுவில் உள்கடன் கொடுத்துப் பாக்கியை அடைத்தார்கள். ரசீது வாங்கினோம். மாதம் 200 ரூபாய் வீதம் திருப்பிக் கட்டுகிறார். இதில் எங்களுக்குப் பெருமை ஒன்றுமில்லை. நாங்கள் அன்றைக்குச் சரியாகச் சொல்லியிருந்தால் அந்தப் பாக்கியே வந்திருக்காது.

எழுதிக் கொடுக்கும் முன்னால்

வரியைக் கட்ட முடியவில்லை என்பதற்காக வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியம் கிடையாது. மகனோ மகளோ வரியைக் கட்டலாம், ரசீது அம்மா பேரிலேயே இருக்கட்டும். பணம் யார் கட்டினாலும் ரசீது யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் வரும்.

பிள்ளைகளுக்கு எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் 2007-ம் ஆண்டு வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் 23-ம் பிரிவு இப்படிச் சொல்கிறது: என்னைக் கவனித்துக் கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். கோட்டாட்சியர் அலுவலகத்தில் இதற்குத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆனால் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைப்பதுதான் பாதுகாப்பு. வாய்ப்பேச்சாக "பாத்துக்கிறேன்" என்று சொன்னதை வைத்துப் பிறகு வாதாடுவது கஷ்டம். பத்திர எழுத்தரிடம் "சாப்பாடு, மருந்து, இருக்க இடம் தர வேண்டும், தவறினால் பத்திரம் ரத்து" என்று எழுதச் சொல்லுங்கள். மகன் சங்கடப்படுவாரே என்று நினைக்காதீர்கள். நல்ல மகனுக்கு அந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லை.

கணவர் பேரில் இருந்த வீடு என்றால் இன்னொன்றும் இருக்கிறது. உயில் எழுதாமல் அவர் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவர் என எல்லோருக்கும் சமப் பங்கு. முழு வீடும் அம்மாவுடையது இல்லை, முழு வீடும் மகனுடையதும் இல்லை. கட்டிக் கொடுத்த மகளுக்கும் பங்கு உண்டு. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து வரிப் பெயரை மாற்றிக் கொள்ளுங்கள். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்தில் இருந்து வரும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தீர்வை ரசீது வீட்டுக்குப் பத்திரம் ஆகாது. பத்திரமும் பட்டாவும் வேறு. ரசீது என் பேரில் இருக்கிறது, அதனால் வீடு எனக்குத்தான் என்று ஒருவர் சொல்வதும் தப்பு, ரசீது மாறிவிட்டது, வீடு போய்விட்டது என்று பயப்படுவதும் தப்பு.

இதில் வழக்கறிஞர் ஆலோசனை வேண்டும் என்றால் காசு வேண்டாம். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேயே. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாகச் சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ம் ஆண்டுச் சட்டம். நாம் பால்கோவா வாங்கவும் ஆண்டாள் கோவிலுக்கும் போகிற ஊர்தான், அப்படியே ஒரு எட்டு அங்கேயும் போய் வரலாம். சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணும், முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும் கட்டணம் இல்லாதவை. வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வையுங்கள்.

மற்ற ஊர்களில் எப்படி?

டில்லியில் மூத்த குடிமக்கள், பெண்கள், மாற்றுத் திறனாளிகள் சொந்தமாகக் குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் வரை, வரியில் 30 சதவீதம் கழிவு தருகிறார்கள். நாங்கள் அன்று சொன்னது இதைத்தான். மும்பையில் 2022-ல் 500 சதுர அடி வரை உள்ள குடியிருப்புகளுக்குச் சொத்து வரியையே எடுத்துவிட்டார்கள். நமக்குப் பக்கத்தில், செங்கோட்டை தாண்டினால் வரும் கேரளத்தில், 2023 ஏப்ரல் முதல் 60 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய 645 சதுர அடி வரை உள்ள சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு வரி இல்லை என்று ஆக்கினார்கள். ஒருவருக்கு ஒரு வீட்டுக்குத்தான்.

வெளிநாட்டில் இன்னும் வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1964-ல் ஒரு முறை கொண்டு வந்தார்கள். வயதானவரின் வருமானத்தில் ஒரு அளவுக்கு மேல் வீட்டு வரி போனால், மேலே போன தொகையில் ஒரு பங்கை அரசு திருப்பித் தரும். வீட்டில் கரண்ட் அதிகமானால் பியூஸ் போய் நம்மைக் காப்பாற்றுகிறதே, அந்த மாதிரி. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் வரியைத் தள்ளி வைக்கலாம். அரசே கட்டிவிட்டு, வீடு விற்கும்போதோ அவர் காலத்துக்குப் பிறகோ வட்டியோடு எடுத்துக் கொள்ளும். இது எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நம்ம ஊரில் பிள்ளைகள் தலையில் கடன் விழுகிறது என்று அந்த அம்மாவே ஒத்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் கருத்து என்ன என்று கேட்டால், வயதை மட்டும் பார்ப்பதில் அர்த்தமில்லை. நாலு வீடு வாடகைக்கு விட்டிருக்கிற எழுபது வயசுக்காரருக்கு எதற்குச் சலுகை? முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர், ஒரே வீடு, 600 சதுர அடிக்குள், அவரே குடியிருக்கிறார் என்றால் அவருக்கு வரியைத் தள்ளலாம். யார் உதவித்தொகை வாங்குகிறார்கள் என்ற பட்டியல் அரசிடமே இருக்கிறது, புதிதாகக் கணக்கெடுக்கத் தேவையில்லை. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் தெருவிளக்கு, குடிநீர், துப்புரவுச் செலவு எல்லாம் இந்த வரியில் இருந்துதான் என்பதும் உண்மை. அதனால் தள்ளுகிற தொகையை மாநில அரசு ஈடுகட்ட வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டிக்கு 300 ரூபாய் மிச்சமாகும், அவர் தெருவில் விளக்கு எரியாது.

இதைக் கேட்பதற்கு இடம் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டு வரலாம். நகரத்தில் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலர் மூலமாகவோ, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலோ மனுவாகக் கொடுக்கலாம். மனுவின் மாதிரியைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அவரவர் வீட்டுத் தீர்வை ரசீதைக் கொண்டு வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கணவர் பேரிலோ மாமனார் பேரிலோ இருந்தாலும் பரவாயில்லை. கூட ஒரு அளவு டேப்பும் இருந்தால் நல்லது, குழுவுக்கு ஒன்று போதும். தையல் டேப் ஆகாது, அது அஞ்சு அடிதான் வரும்.